பால் ஸ்கோல்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்தின் நடுக்கள ஆட்டக்காரர்கள் என்று பேச்செடுத்தாலே ஜெரார்டா, லாம்பார்டா என்ற சண்டை தொடங்கிவிடும். நடுவில் யாராவது ஒருவர் "ஸ்கோல்ஸை விட்டுட்டீங்களே" என்பார். உடனே இருபது வயதுத் தம்பி ஒருவர், "யூடியூபில் பார்த்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்பார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. ஸ்கோல்ஸின் ஆட்டத்தில் பாதி, பந்து காலுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். இரண்டு நிமிட வீடியோவில் அது தெரியாது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே மூச்சில் சொன்னால், யார் இவர்?

1974 நவம்பர் 16 அன்று சால்ஃபோர்டில் பிறந்தவர். 1994 முதல் 2013 வரை மான்செஸ்டர் யுனைடெட் என்ற ஒரே கிளப்புக்கு ஆடினார். மொத்தம் 718 ஆட்டங்கள், 155 கோல்கள். 11 பிரீமியர் லீக் பட்டங்கள், 3 எஃப்.ஏ. கோப்பைகள், 2 சாம்பியன்ஸ் லீக். இங்கிலாந்துக்காக 66 ஆட்டங்கள், 14 கோல்கள். ஐந்தடி ஏழங்குலம், செம்பட்டை முடி, ஆஸ்துமா.

ஆஸ்துமாவா? அதோடு எப்படி 90 நிமிடம் ஓடினார்?

இன்ஹேலர் வைத்துக்கொண்டுதான். சிறு வயதில் முழங்காலில் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற பிரச்சினையும் இருந்தது. வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால் மூட்டுக்குக் கீழே வீங்கி வலிக்கும். ஆளும் குட்டை, மூச்சும் இரைக்கும், முட்டியும் வலிக்கும். இவ்வளவு சின்னப் பையன் தேறுவானா என்று யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கே முதலில் சந்தேகம் இருந்தது. அதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

வளர்ந்தது மான்செஸ்டருக்கு வடக்கே மிடில்டன் ஊரின் லாங்லி பகுதியில். பக்கத்து ஊரான ஓல்டமில் பவுண்டரி பார்க் ஜூனியர்ஸ் என்ற சிறுவர் அணிக்கு ஆடினார். கேரி நெவிலும் நிக்கி பட்டும் அதே அணிதான். மூவரும் பின்னாளில் யுனைடெட்டிலும் இங்கிலாந்து அணியிலும் சேர்ந்தே ஆடினார்கள். ஒரு பேட்டைப் பையன்கள் அணியிலிருந்து இப்படி மூன்று பேர் வருவது எந்த ஊரிலும் அபூர்வம். ஆனால் ஸ்கோல்ஸின் மனசு யுனைடெட்டில் இல்லை. அவர் ஓல்டம் அத்லெட்டிக் ரசிகர். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1992-இல் இளைஞர் கோப்பையை வென்ற அந்தப் புகழ்பெற்ற அணியில் இருந்தவர்தானே?

இல்லை. பெரும்பாலானோர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இது. 'கிளாஸ் ஆஃப் 92' என்று பெக்காம், கிக்ஸ், பட், நெவில் சகோதரர்களோடு ஸ்கோல்ஸையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் 1992 எஃப்.ஏ. இளைஞர் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் அவர் இல்லை. ஃபில் நெவிலும் இல்லை. இருவரும் ஆடியது அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில். அதில் லீட்ஸிடம் தோற்றார்கள். பயிற்சியாளர் எரிக் ஹாரிசனிடம் ஒன்றாக வளர்ந்த கூட்டம் என்ற பொருளில்தான் அந்தப் பெயர் இவருக்கும் ஒட்டிக்கொண்டது.

முதல் ஆட்டம் எது?

1994 செப்டம்பர் 21, லீக் கோப்பையில் போர்ட் வேல் அணியோடு. 2–1 என்று யுனைடெட் வென்றது, இரண்டு கோலும் இவருடையது. மூன்று நாள் கழித்து இப்ஸ்விச்சில் முதல் லீக் ஆட்டம். அதிலும் ஒரு கோல், ஆனால் அணி 3–2 என்று தோற்றது.

அப்போது ஸ்ட்ரைக்கர்தானே? நடுக்களத்துக்கு எப்படி வந்தார்?

ஆமாம், முன்வரிசை ஆள்தான். பார்வையாளரைக் காலால் எட்டி உதைத்ததற்காக யுனைடெட்டின் முன்வரிசை ஆட்டக்காரர் எரிக் கன்டோனா தடையில் இருந்த காலம் அது. 1995–96 பருவத்தின் தொடக்கத்தில் அவர் இடத்தை நிரப்பியவர்களில் ஸ்கோல்ஸும் ஒருவர். முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3–1 என்று தோற்க, சின்னப் பையன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று பிபிசியில் விமர்சகர் ஆலன் ஹேன்சன் சொன்னார். அந்தப் பருவம் முடியும்போது பையன்கள் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஹேன்சனைப் பாவம், இன்றுவரை அதைச் சொல்லியே கிண்டல் செய்கிறார்கள்.

நடுக்களம் வாய்த்தது ஒரு விபத்தால். 1997 செப்டம்பரில் லீட்ஸில் நடுக்கள ஆட்டக்காரர் ராய் கீனின் முழங்கால் தசைநார் கிழிந்து, பருவம் முழுக்க அவர் ஆட முடியாமல் போனது. நடுவில் பள்ளம் விழுந்தது. ஸ்கோல்ஸைப் பின்னுக்கு இழுத்து அங்கே நிறுத்தினார்கள். கீன் திரும்பிய பிறகும் அவர் முன்வரிசைக்குத் திரும்பவில்லை. கீனுக்குப் பக்கத்திலேயே நிலைத்துவிட்டார்.

அவரிடம் அப்படி என்னதான் இருந்தது?

முழு ஆட்ட வீடியோ ஒன்று கிடைத்தால் போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், ஸ்கோல்ஸின் தலையை மட்டும் பாருங்கள். தடுப்பாட்டக்காரரிடம் பந்து இருக்கும்போதே இவர் இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். பந்து பாதி வழி வரும்போது இன்னொரு தடவை. காலுக்கு வரும் நொடியில் பின்னால் யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் காலி என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். நெருக்க வந்தவர் வந்து சேரும்போது பந்து அறுபது அடி தள்ளிப் போயிருக்கும். இவர் பெரிய ஓட்டக்காரர் இல்லை, அடுத்தடுத்து நாலு பேரை ஏமாற்றிக் கடக்கும் வித்தையும் கிடையாது. அவற்றுக்குத் தேவை வராதபடி முன்கூட்டியே வேலையை முடித்துவிடுவார். அதனால்தான் ஹைலைட்ஸில் காணாமல் போகிறார்.

நீளப் பாஸ் வேறு விஷயம், அதைக் குருடருக்கும் காட்டலாம். மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, ஓடிக்கொண்டிருப்பவர் வேகத்தைக் குறைக்க வேண்டாதபடி பந்து போய் விழும். பயிற்சி மைதானத்தில் இதை வைத்து ஆடிய விளையாட்டு பற்றி சக ஆட்டக்காரர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். யாராவது ஓரமாக ஒதுங்கிச் சிறுநீர் கழிக்கப் போனால், தூரத்திலிருந்து ஸ்கோல்ஸ் பந்தை உதைத்துக் குறிபார்த்து அவர் தலையிலேயே அடிப்பாராம். கேரி நெவிலும் வாங்கியிருக்கிறார்.

இனி வாலி, அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிப்பது. இரண்டு கோல்கள் போதும். 2000 மார்ச், பிராட்ஃபோர்டு. பெக்காம் கார்னர் எடுக்கிறார். கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் எல்லோரும் முட்டி மோதிக்கொண்டிருக்க, பெட்டிக்கு வெளியே தனியாக நிற்கிறார் ஸ்கோல்ஸ். பந்து எல்லோர் தலைக்கும் மேலாக நேராக அவரிடம் வருகிறது. தரையில் படவிடாமல் அப்படியே அடிக்கிறார், வலை. எதிரணியில் எவரும் நகரக்கூட இல்லை. 2006 டிசம்பர், ஆஸ்டன் வில்லா. எதிரணி தலையால் முட்டி விலக்கிய பந்து இறங்கி வரும்போது இன்னொரு வாலி. குறுக்குக் கம்பியின் அடிப்பக்கத்தில் பட்டு உள்ளே போனது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஒசத்தி. பிராட்ஃபோர்டு கோல் திட்டமிட்டுப் பழகியது. வில்லாவில் யோசிக்கவே நேரம் இல்லை.

இவ்வளவு புத்திசாலி ஏன் இவ்வளவு மோசமாக டேக்கிள் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) செய்தார்?

யாருக்கும் தெரியாது. பிரீமியர் லீக்கில் மட்டும் 97 மஞ்சள் அட்டை. "ஸ்கோல்ஸுக்கு டேக்கிள் வராது" என்று வர்ணனையாளர்கள் செல்லமாகச் சொல்லிச் சொல்லியே அது ஒரு நகைச்சுவையாகிவிட்டது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. சில டேக்கிள்கள் நேரம் தப்பியவை. சிலவற்றில் அவர் நேரத்தை நன்றாகவே கணித்திருந்தார், குறி மட்டும் பந்து இல்லை. 1999 ஜூனில் ஸ்வீடனோடு இரண்டு மஞ்சள் வாங்கி வெளியேறினார். பழைய வெம்ப்லி மைதானத்தில் சிவப்பு அட்டை பார்த்த ஒரே இங்கிலாந்து ஆட்டக்காரர் என்ற பெயர் அதில் வந்தது. அதற்குச் சில வாரம் முன்பு அதே மைதானத்தில் போலந்துக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவரும் இவர்தான்.

1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஏன் இல்லை?

மேலே சொன்ன டேக்கிள் வியாதிதான் காரணம். டூரினில் யுவென்டஸோடு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். 2–0 என்று பின்தங்கி, 3–2 என்று யுனைடெட் வென்ற இரவு. முதலில் கீன் மஞ்சள் அட்டை வாங்கினார். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த ஸ்கோல்ஸும் யுவென்டஸின் தெஷாம்ப்ஸை இடித்து இன்னொன்று வாங்கினார். அட்டைகள் சேர்ந்துபோனதால் இருவருக்கும் இறுதி ஆட்டம் இல்லை. அந்த இறுதிக்கு நான்கு நாள் முன்பு நியூகாசிலோடு நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஸ்கோல்ஸ் ஒரு கோல் அடித்திருந்தார். பார்சிலோனா நகரில் பையர்ன் மியூனிக்கை கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு வீழ்த்தியபோது நடுக்களத்தில் ஆடியவர்கள் பட்டும் பெக்காமும். ஸ்கோல்ஸ் கோட்டுசூட்டோடு வெளியே.

வெரோன் வந்தபோது இவர் கோபித்துக்கொண்டார் என்கிறார்களே?

2001 கோடையில் அர்ஜென்டினாவின் ஹுவான் செபாஸ்டியன் வெரோனை 2.81 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள், அப்போது அது பிரிட்டனில் சாதனை விலை. வெரோனுக்கு நடுவில் இடம் வேண்டும். ஆகவே ஸ்கோல்ஸை ஸ்ட்ரைக்கர் வான் நிஸ்டல்ராய்க்குப் பின்னால், கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் இடத்துக்குத் தள்ளினார்கள். எதிரில் முழு மைதானமும் தெரிந்தால்தான் இவர் ஸ்கோல்ஸ். அந்தப் பருவம் அணிக்கும் மூன்றாம் இடம்தான். நவம்பரில் ஆர்சனலோடு லீக் கோப்பை ஆட்டத்துக்குப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அபராதம் போட்டார்கள், மன்னிப்புக் கேட்டார். சத்தமே போடாதவர் என்று பெயரெடுத்தவரின் வாழ்க்கையில் நடந்த ஒரே கலகம் இது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த பருவம் அதே இடத்தில் பழகிக்கொண்டு எல்லாப் போட்டியிலும் சேர்த்து 20 கோல் அடித்தார். நியூகாசிலில் 6–2 வெற்றியில் ஒரு ஹாட்ரிக் உட்பட.

கண்ணில் என்ன பிரச்சினை?

2005 கடைசியில் திடீரெனப் பார்வை மங்கியது. கண்ணுக்குப் பின்னால் ரத்த நாளத்தில் அடைப்பு. 31 வயது. தூரத்தை அளந்து பாஸ் போட்டுப் பிழைக்கிறவருக்குக் கண் மங்கினால் என்ன மிச்சம்? ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். 2006 மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டத்தில்தான் மறுபடி களத்தில் தெரிந்தார்.

அதற்குப் பிறகு வந்தது மூன்றாவது ஸ்கோல்ஸ். பெட்டிக்குள் ஓடிப்போய்க் கோல் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு, மைக்கேல் கேரிக் பக்கத்தில் ஆழமாக நின்று ஆட்டத்தின் வேகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டவர். 2006 அக்டோபரில் லிவர்பூலோடு 500-வது யுனைடெட் ஆட்டம், அதில் ஒரு கோல். அந்தப் பருவம் லீக் பட்டம் நான்கு ஆண்டுக்குப் பின் திரும்பி வந்தது. எனக்குப் பிடித்த ஸ்கோல்ஸ் இவர்தான். மற்றவர்கள் 20 கோல் அடித்தவரைச் சொல்வார்கள், சொல்லட்டும்.

இங்கிலாந்து அணியை விட்டு 29 வயதிலேயே ஏன் விலகினார்? இடது ஓரத்தில் நிறுத்தியதாலா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 1997-இல் தென்னாப்பிரிக்காவோடு முதல் ஆட்டம். 1998 உலகக் கோப்பையில் துனீசியாவுக்கு எதிராக வளைத்து அடித்த ஒரு கோல். 1999 நவம்பரில் யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தகுதிக்கான ஆட்டத்தில், கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தை 2–0 என்று வீழ்த்தியபோது இரண்டுமே இவருடையது. யூரோ 2000-இல் போர்ச்சுகலுக்கு எதிராக மூன்றாவது நிமிடத்திலேயே தலையால் ஒன்று. அதுவரை எல்லாம் சரி.

பிறகு ஜெரார்டும் லாம்பார்டும் வந்தார்கள். பயிற்சியாளர் ஸ்வென் கோரன் எரிக்சனுக்கு மூவரையும் விட மனசில்லை. வலது பக்கம் கேப்டன் பெக்காம், அவரை அசைக்க முடியாது. மிச்சம் இருந்தது இடது ஓரம். யூரோ 2004-இல் ஸ்கோல்ஸ் அங்கேதான் நின்றார். எல்லாத் திசையும் பார்த்து ஆடுகிறவரை ஒரு பக்கச் சுவரோடு சேர்த்து நிறுத்தியது போல. 2001 ஜூனில் கிரீஸோடு அடித்ததற்குப் பின் மூன்று ஆண்டு கோலே இல்லை. குரோஷியாவோடு ஒன்று அடித்தார், அதுதான் கடைசி. கால் இறுதியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோற்றதோடு அந்த வருடம் ஆகஸ்டில் முடித்துக்கொண்டார்.

குடும்பத்தோடு நேரம் வேண்டும், கிளப் ஆட்டத்தை இன்னும் சில காலம் நீட்டிக்க வேண்டும் என்றுதான் அவர் காரணம் சொன்னார். இடது ஓரத்தை ஒரு குற்றச்சாட்டாக வைத்ததில்லை. அவர் சொன்னதை நம்பலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் சந்தோஷமாக ஆடுகிறவன் 29 வயதில் "குடும்பம்" என்று சொல்வதில்லை என்பதும் நமக்குத் தெரியும். பின்னாளில் எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். 2010 உலகக் கோப்பைக்கு முன்பு அப்போதைய பயிற்சியாளர் கப்பெல்லோவும் கேட்டுப் பார்த்தார். வரவில்லை. அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஜெர்மனியிடம் 4–1 என்று தோற்றது. ஸ்கோல்ஸ் இருந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். பந்து இவ்வளவு சுலபமாகப் பறிபோயிருக்காது, அவ்வளவுதான்.

2008 சாம்பியன்ஸ் லீக்கில் அவர் பங்கு என்ன?

அரையிறுதியில் பார்சிலோனா. அங்கே 0–0. ஓல்டு டிராஃபோர்டில் 14-வது நிமிடம், பார்சிலோனாவின் ஜாம்ப்ரோட்டா விலக்கிய பந்து நேராக ஸ்கோல்ஸின் காலுக்கு வந்தது. ஒரு தொடுதல், அடுத்து எழுபது எண்பது அடியிலிருந்து வலது காலால் ஒரு அடி. பந்து வெளிப்பக்கமாக வளைந்து மேல் மூலைக்குப் போனது. ஆட்டம் 1–0 என்றே முடிந்தது. இறுதி ஆட்டத்துக்கு அணியில் முதலில் எழுதும் பெயர் ஸ்கோல்ஸ்தான் என்று ஃபெர்குசன் முன்கூட்டியே அறிவித்திருந்தார். 1999-இன் கணக்கு அவருக்கும் மறக்கவில்லை. மாஸ்கோவில் செல்சியோடு ஆடும்போது மக்கலேலேயோடு மோதி மூக்கில் ரத்தம் கொட்டியது, பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடினார். பெனால்டியில் யுனைடெட் வென்றது.

பெனால்டி என்றதும் இன்னொன்று. 2005 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆர்சனலோடு பெனால்டியில் தோற்றபோது, தடுக்கப்பட்ட ஒரே உதை ஸ்கோல்ஸுடையது. தடுத்தவர் ஆர்சனல் கோல்கீப்பர் லேமன். ரசிகர்கள் இதை மறந்துபோனது போல நடிப்பார்கள்.

ஜிடேன், சாவி எல்லோரும் இவரை ஆகா ஓகோ என்றார்களாமே?

பார்சிலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் சாவி சொன்னது உண்மை. கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் தான் பார்த்த மிகச் சிறந்த மைய நடுக்கள ஆட்டக்காரர் ஸ்கோல்ஸ் என்று 2011-இல் ஒரு பேட்டியில் சொன்னார். மற்றபடி வாட்சாப்பில் சுற்றும் அந்த நீளப் பட்டியலைப் பார்த்ததும் பகிராதீர்கள். யார், எங்கே, எப்போது சொன்னது என்று தேடினால் பல வரிகள் கையில் நிற்காது. அவருக்கு அந்த இட்டுக்கட்டிய புகழ் தேவையும் இல்லை.

விருதுகள்?

குறைவு. சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தரும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அவர்களே தேர்ந்தெடுக்கும் சிறந்த பதினொருவரில் இரண்டே தடவை, 2003-இலும் 2007-இலும். 2022-இல் பிரீமியர் லீக் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தது நிஜமா?

நிஜம். 2011 மே 31 அன்று ஓய்வு அறிவித்தார். ஆகஸ்டில் நியூயார்க் காஸ்மாஸோடு பிரிவுபசார ஆட்டம் கூட நடந்து முடிந்தது. ரிசர்வ் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணச் சாப்பாடு போட்டு வழியனுப்பிய ஆள் ஆறு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தது போல, 2012 ஜனவரி 8 அன்று மான்செஸ்டர் சிட்டியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு முன் டிரஸ்ஸிங் ரூமில் 22 எண் போட்ட ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தார். கூட ஆடுகிறவர்களில் பலருக்கே அங்கேதான் தெரியும். ஸ்பான்சர் யாரும் இல்லாததால் பூட்ஸை உள்ளூர்க் கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தார். யுனைடெட் 3–2 என்று வென்றது. அடுத்த வாரம் போல்டனோடு கோலும் அடித்தார். அந்தப் பருவம் கோல் வித்தியாசத்தில் பட்டம் சிட்டிக்குப் போனது. 2013-இல் மீட்டார்கள்.

பயிற்சியாளராக?

மனசுக்குப் பிடித்த ஓல்டம் அத்லெட்டிக்குக்கு 2019 பிப்ரவரியில் மேனேஜரானார். 31 நாள், 7 ஆட்டம், 1 வெற்றி. வேலையை எப்படிச் செய்யலாம் என்று தன்னிடம் சொல்லப்பட்டதோ அப்படிச் செய்ய முடியாது என்று தெரிந்ததும் விலகுவதாக அறிக்கை விட்டார். பழைய நண்பர்களோடு சேர்ந்து 2014-இல் வாங்கிய சால்ஃபோர்டு சிட்டி கிளப்பின் கதை அதைவிட நன்றாகப் போனது. எட்டாம் நிலை லீக்கில் இருந்தது, 2019-இல் நான்காம் நிலைக்கு ஏறியது. அந்தக் கிளப்பில் பங்கு இருந்துகொண்டே கால்பந்து ஆட்டங்களில் பந்தயம் கட்டியதற்காக, அதே ஆண்டு 8,000 பவுண்டு அபராதமும் கட்டினார்.

பிரீமியர் லீக்கில் 499 ஆட்டம். இன்னொன்று ஆடி 500 ஆக்கியிருக்கலாமே?

ஆக்கியிருக்கலாம். 2013 ஜனவரிக்குப் பிறகு காயத்தால் பல வாரம் வெளியே இருந்தார், ஒரு ஆட்டத்துக்கு எங்காவது ஐந்து நிமிடம் கிடைத்திருக்கும். அவர் எண்ணிக்கொண்டிருந்தாரா என்பதே சந்தேகம்தான்.

கடைசி ஆட்டம் மே 19, வெஸ்ட் பிராம்விச்சில். ஃபெர்குசனுக்கும் அதுதான் கடைசி, மேனேஜராக யுனைடெட்டில் 1,500-வது. 5–2 என்று முன்னிலையில் இருந்து 5–5 என்று முடிந்த விநோதமான ஆட்டம். 38 வயது ஸ்கோல்ஸ் இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது, ஆட்டத்தில் ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் ஒருவரை இடித்து மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டார். அந்த 97-இல் கடைசி அதுதான்.